இருபத்தோராவது பனியன்

திருப்பூர்
10.4.2006

மதிப்பிற்குரிய மச்சான் கன்னையன் அவர்களுக்கு, சின்னான் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை பழனியம்மாள் நலம், மகள் விஜயகுமாரி ரொம்பவே நலம். நலமில்லாதவன் நான் ஒருவன்தான். காரணம் நீங்கள்.

மாமன் என்றால் மருமகளுக்குப் பாவாடை தாவணி எடுத்துக் கொடுப்பார்கள். நீங்கள் ஜமாப் மேளம் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், பையன்கள் தோளில் மாட்டி ஆடிக்கொண்டே அடிக்கிற மேளம்! தாயும் மகளும் அதை வீட்டிலிருக்கும் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைக்குள் ஒளித்து வைக்க, ஒரு மாதமாக அந்த மூட்டை மேல் உட்கார்ந்துதான் நான் டீ குடித்திருக்கிறேன். இது தெரியாமல், மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் ஆடும் ஜமாப் குழுவுக்கு இலவசமாகக் கை வைத்த பனியன் தைத்துத் தருகிறேன் என்று கோயில் கமிட்டியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவனும் நானே. குழுத் தலைவன் அருள்குமார் இருபத்தொரு அளவு எழுதிக் கொடுத்தான். கடைசி அளவு ரொம்பச் சின்னது. "இது யாருடா?" என்றேன். "புதுசா ஒரு பையனுங்க, ஒல்லியா இருப்பானுங்க" என்றான். வீட்டில் சோறு போடுகிறார்களா இல்லையா என்று அந்தப் பையனைப் பெற்றவனைத் திட்டிக்கொண்டேதான் துணியை வெட்டினேன்.

சனிக்கிழமை போட்டுப் பார்க்க ஒத்திகைக்கு எடுத்துப் போனேன். கடைசியில் நின்ற பையன் திரும்பினான். இடுப்பில் மேளம், கையில் குச்சி, நம் விஜயகுமாரி! "தோள்பட்டை கொஞ்சம் பிடிக்குதுங்கப்பா" என்கிறாள். இருபது வருடக் கட்டிங் மாஸ்டருக்குப் பெற்ற பெண்ணின் தோள் அளவு தெரியவில்லை. வந்த ஆத்திரத்தில் அத்தனை பனியனையும் திரும்ப வாங்கி, ஒரே கட்டாகக் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கமிட்டித் தலைவரும் பனியன் கம்பெனி முதலாளியுமான தண்டாயுதபாணி எங்கள் வீட்டுக்கே வந்தார். "ஏனுங்க சின்னான், சாமி முன்னால பொம்பளைப் புள்ள மேளம் அடிக்கலாமுங்களா? நாளைக்கு எவன் கட்டிக்குவான்? ஊட்டுல அடக்கி வெய்யுங்க." நான் வாயைத் திறப்பதற்குள் விஜயகுமாரி முந்திக்கொண்டாள். "உங்க கம்பெனியில தெனமும் பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு, துணி பீஸ் மூட்டையும் தூக்கறனுங்க. அப்ப நான் பொம்பளைப் புள்ளைன்னு ஞாபகம் வரலீங்களா?" பெரிய மனிதரிடம் இப்படியா பேசுவது? அவர் போன வேகத்தில் என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவள் மேல் கோபம், அருள்குமார் மேல் கோபம், உங்கள் மேல் பெருங்கோபம். அவள் கேட்டது நியாயம்தானே என்று தோன்றியதால் என் மேலும் கோபம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்து அந்த மேளத்தை உங்கள் சோமனூருக்கே எடுத்துப் போய்விடுங்கள். இதுதான் என் கடைசி வார்த்தை.

அக்காவுக்கு வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு இந்த முறை எதுவும் கிடையாது.

இப்படிக்கு,
சின்னான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தண்டாயுதபாணி ஆள் அனுப்பினார், விஜயகுமாரியின் பனியனை விட்டுவிட்டு மற்ற இருபதையும் கொடுத்தனுப்பச் சொல்லி. எனக்குப் பொறுக்கவில்லை. "என் புள்ள முன்வரிசையில நின்னாத்தான் பனியன் கட்டுப் பிரியுமுங்க. இல்லீன்னா இருபது பேரும் வெறும் ஒடம்போட ஆடட்டுமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். அடுத்த புதன்கிழமை நோம்பி மாவிளக்கு, குடும்பத்தோடு வந்து சேருங்கள். அவள் பனியனின் தோள்பட்டையைப் பிரித்து அரை இஞ்ச் விட்டுத் தைத்திருக்கிறேன். இப்போது கையை நன்றாகத் தூக்கி அடிக்கிறாள்.