பாடம் நடத்தாமல் இருப்பது எப்படி

கீழவைப்பாரில் ஜெபசுதா டீச்சரின் மாலை வகுப்பு ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்தது. அதுதான் நிதி கொடுத்த அறக்கட்டளைக்குச் சந்தேகமாக இருந்தது. பிள்ளைகள் படிக்கிறார்கள், சரி. அது வகுப்பினால்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? மதிப்பீட்டு அதிகாரி செல்வதுரை அனுப்பிவைக்கப்பட்டார்.

அவர் நாற்பது பிள்ளைகளையும் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்.

"இந்த இருபது பேருக்கு நடத்துங்க. அந்த இருபது பேருக்கு நடத்தக் கூடாது."

"ஏன் சார்?"

"நடத்தாட்டி என்ன ஆகும்னு தெரியணும்லா?"

"படிப்பு வராது சார். எனக்கே தெரியும்."

"அது தகவல் இல்ல மேடம். அபிப்பிராயம்."

மறுத்தால் வகுப்பையே மூடிவிடுவார்கள். ஜெபசுதா தலையாட்டினாள்.

மறுநாள் கடலிலிருந்து திரும்பிய ஆன்றோ நேரே வந்தார். "டீச்சரம்மா, எம் மவ வெளிய நிக்கா. என்ன தப்பு செஞ்சா?"

"தப்பு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சீட்டு அப்படி விழுந்திட்டு." சொல்லும்போதே அவளுக்குக் கூசியது.

வெளியே நின்ற பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். செல்வதுரை அதை 'அறிவுக் கசிவு' என்று பதிவுசெய்து, ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். உள்ளே திங்கள் அடிப்படைத் தேர்வு, செவ்வாய் மகிழ்ச்சி அளவீடு, புதன் புகைப்படம், மீதி நாட்கள் படிவத் திருத்தம். பாடத்துக்கு நேரமில்லை. வெளியே இருந்தவர்கள் மீன் ஏலக்கூடத்தில் உட்கார்ந்து, கருவாடு கட்டும் பழைய பேப்பரைப் போட்டி போட்டு வாசித்தார்கள். தெரியாத சொல்லை ஆன்றோவின் மகள் ஜெனிட்டா எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தாள்.

ஆறு மாதம் கழித்துத் தேர்வு. வெளியே இருந்தவர்களுக்கு இரண்டு மடங்கு மதிப்பெண்! இப்போதாவது இந்த மனிதருக்கு உறைக்கும் என்று ஜெபசுதா காத்திருந்தாள்.

"பிரமாதம் மேடம்!" என்றார் செல்வதுரை. "நடத்தாமலே இவ்வளவு!"

'கற்பிக்காமை' என்று பெயரிட்டு, திட்டம் பத்து ஊர்களுக்கு விரிவாக்கப்பட்டது. அனுபவம் கருதி ஜெபசுதா தலைமைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டாள். வேண்டாம் என்று எழுதிய கடிதம் மூன்று நாள் கைப்பையிலேயே கிடந்தது; நான்காம் நாள் பயிற்சி தொடங்கிவிட்டது.

பத்து ஆசிரியர்கள் கவனமாகக் குறிப்பெடுத்தார்கள். மணப்பாட்டிலிருந்து வந்த தனராஜ் சார் எழுந்தார்.

"நடத்தாம இருந்துருவோம் மேடம். பிள்ளைங்க தானா படிக்கலன்னா யாரு பொறுப்பு?"

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு சார்," என்றாள் ஜெபசுதா, கொஞ்சமும் யோசிக்காமல்.

பத்து பேரும் அதையும் எழுதிக்கொண்டார்கள்.