சந்தனப் பொட்டு வைத்த காற்றாடி

தன் வேலை இன்னதென்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாதவனுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். வாத்தியார், போஸ்ட்மேன், பேங்க். சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மலரும். என் வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். சில விமானங்களின் முன்னால் காற்றாடி சுற்றுகிறதே, அதன் இலைகள் இருந்த இடத்திலேயே முறுக்கித் திரும்பக்கூடியவை. தட்டையாக நின்றால் சும்மா சுற்றும். சாய்ந்து நின்றால் காற்றை அள்ளும், விமானத்தை இழுக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் இலை இந்தக் கணம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. (எங்கள் ஊர் விழுப்புரத்தில் இதைச் சொன்னபோது, "ஏன், அவனுங்களுக்குக் கண்ணு தெரியாதா?" என்றார்கள்.) வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அதன் இலை என்ன சாய்வில் இருக்கிறது என்று யோசிப்பவன் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். அது பெருமை போலத்தான் இருக்கும். பக்கத்தில் சொல்வதற்கு ஆளில்லை என்று தெரியும் வரை.

தரகர் என்னை 'ஃபேன் ரிப்பேர்' என்று சொல்லிவைத்ததில் ஒரு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. அடுத்து வந்தது திண்டிவனம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் மகள், பெயர் கோமதி, இயற்பியல் படித்தவள். போட்டோவில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தாள். இவளுக்குப் புரியும் என்று முடிவு கட்டிவிட்டேன். இந்த முறை வாயால் சொல்லப்போவதில்லை, செய்தே காட்டப்போகிறேன்.

மரச்சட்டத்தில் ஒரு மாதிரிக் காற்றாடி செய்தேன். தகர இலைகள். சுற்றுகிற பொருளில் ஒயரைக் கட்ட முடியாது, முறுக்கிக்கொள்ளும். அதனால் அச்சில் ஒரு கறுப்பு உருளை. அதன்மேல் வெள்ளையில் ஒரு நேர்கோடு, ஒரு சாய்கோடு. இலை திரும்பத் திரும்ப உருளை முன்னும் பின்னும் நகரும். ஓர் இடத்தில் நின்று பார்த்தால் கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மாறும். பக்கத்திலிருக்கும் ஒளிக்கண் அந்த இடைவெளியைப் பார்த்துச் சாய்வைச் சொல்லும். சாய்வு தப்பாக இருந்தால் இன்னொரு சின்ன மோட்டார் இலையைத் திருப்பிச் சரிசெய்யும். குழந்தைக்கும் புரியும். (என்று நினைத்தேன்.)

கிளம்பும் காலையில் நான் குளிக்கப்போனபோது அம்மா செய்ததுதான் வினை. புது மிஷின், நல்ல காரியத்துக்குப் போகிறது. பொட்டு வைக்காமல் எப்படி அனுப்புவது? முன்னால் வைத்தால் நான் கத்துவேன் என்று தெரியும். அதனால் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, உருளையின் அடிப்பக்கத்தில், நேர்கோட்டுக்குப் பக்கத்திலேயே, தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். நடுவில் குங்குமம். நான் பார்க்கவில்லை. துண்டால் மூடி, பஸ்ஸில் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

திண்டிவனத்தில் பஜ்ஜி, கேசரி, தட்டு நிறைய வறுத்த மல்லாட்டை. பெண்ணின் அப்பா வெள்ளைச் சட்டையில் எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி இன்னாவோ ஃபேன் கம்பெனின்னாங்க?"

"ஃபேன் இல்லீங்க. இருங்க, காட்டறேன்."

கூட வந்திருந்த மாமா, என் அக்கா வீட்டுக்காரர், என் காதில், "வேணாம் மாப்ளே, கேசரிய துன்னுட்டு கம்முனு இரு" என்றார். கேட்டிருக்கலாம்.

இலைகளைத் தட்டையாக வைத்து மெதுவாக ஓட விட்டேன்.

"சுத்துது. காத்து வரலியே?" என்றார் அவர்.

"அதாங்க விஷயமே!" என்றேன். அந்த வீட்டில் நான் பெருமையாகப் பேசிய கடைசி வாக்கியம் அது.

வேகத்தைக் கூட்டி, தானாகச் சரிசெய்யும் விசையைத் தட்டினேன். ஒளிக்கண்ணுக்குச் சந்தனமும் வெள்ளைதான், கோடும் வெள்ளைதான். நேர்கோட்டுக்கும் பொட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு, இலை தலைகீழாகத் திரும்பிவிட்டது என்று அது நம்பிவிட்டது. மோட்டார் இலையைச் சாய்த்தது. நேர்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து பொட்டு நகரவில்லை. இன்னும் சாய்த்தது. பொட்டு நகரவில்லை. கடைசி வரை சாய்த்தது.

அப்புறம் மரக்காணம் கடற்கரையில் அடிக்கிற காற்று, அந்தக் கூடத்தில் அடித்தது. மல்லாட்டைத் தோல் மொத்தமும் எழும்பி அவர் முகத்தில் அப்பியது. தாம்பூலத் தட்டிலிருந்த குங்குமம் வெள்ளைச் சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் சுவரிலிருந்த சுவிட்சுகளுக்குப் பாய்ந்தேன். முதலில் டியூப்லைட் அணைந்தது. அடுத்ததில் டி.வி. ஓட ஆரம்பித்தது.

"பேஜாரு புடிச்ச காத்தாடி! ஜல்தி நிறுத்துய்யா!" என்று கத்தினார் பெண்ணின் அப்பா.

உள்ளேயிருந்து கோமதி வந்தாள். ஒரே இழுப்பில் பிளக்கைப் பிடுங்கினாள். காற்றாடி நின்றது. குனிந்து, உருளையைக் கையால் சுற்றிப் பொட்டைப் பார்த்தாள். என்னிடம் கேட்டாள்: "கோடு எது, அழுக்கு எதுன்னு இதுக்கு எப்படிங்க தெரியும்?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத, கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி. வாயைத் திறந்தேன். அவளுடைய அப்பா தும்மினார். அவள் அம்மா அவளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பெரியவர், "தம்பி, மண்டியில தோல் தூத்த இதுமாதிரி ஒண்ணு செஞ்சி தர்றியா?" என்றார். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார். மறுவாரம் தரகர் மூலம் பதில் வந்தது: பொண்ணுக்கு இன்னும் படிக்கணுமாம்.

பெங்களூர் திரும்பி, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத எந்தக் குறியையும் ஒளிக்கண் ஒதுக்கித் தள்ளும்படி மாற்றினேன். மேலதிகாரி முதுகில் தட்டினார். ஒரே ஒருத்தியிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவளுக்கு வேறிடத்தில் நிச்சயமாகியிருந்தது. பிறகு நானும் போட்டோக்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வாசலில் சந்தனக் கிண்ணம் நீட்டும் பெண்களிடம் மாமா, "எம்மா, நம்மாளுக்கு மட்டும் வெக்காதீங்க, காத்து தூக்கிக்கினு போயிடும்" என்பார். உடனே முழுக் கதையும் ஓடும். தோல் பறக்கும், டி.வி. பாடும், பெரியவர் தும்முவார். அம்மா, "நான் நல்லதுக்குத்தானேடா வெச்சேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். மாமா சொல்லும் கதையில் அந்தப் பெண் வருகிறாள், பிளக்கைப் பிடுங்குகிறாள், உள்ளே போய்விடுகிறாள். அவள் கேட்டது அதில் இல்லை. நானும் இதுவரை சேர்க்கவில்லை.