பேத்தி காலுக்கு ரசமட்டம்

தாத்தாவுல பல ரகம் உண்டு. குழந்தையைத் தூங்க வைக்கிற தாத்தா, தூங்குற குழந்தையை எழுப்பிவிட்டுக் கொஞ்சுற தாத்தா. இப்ப நாம பாக்கப்போறது மூணாவது ரகம்: சாயல் தாத்தா. குழந்தை பொறந்த அன்னைக்கே அதைப் பாகம் பிரிச்சிடுவாரு. மூக்கு நம்ம பக்கம், நெத்தி நம்ம பக்கம், காது மடல் எங்க பெரியத்தை. அழுகை மட்டும் சம்பந்தி வீடு.

நம்ம ஆளு தரை போடுற மேஸ்திரி. தரை சமமா இருக்கான்னு பாக்குற ரசமட்டத்துல குமிழி நடுவுல நிக்கலைன்னா அவருக்குத் தூக்கம் வராது. அவரு வீட்டுத் தரையே அவரு போட்டதுதான், கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே ஒரு குறை. பின்வாசல்ல, சிமெண்ட் காயுறதுக்கு முன்னாடி யாரோ பதிச்சிட்டுப் போன ஒரு காலடி. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "எவனோ வாத்துக்காலன் மிதிச்சுத் தொலைச்சிட்டான்"ன்னு இருபத்தெட்டு வருஷமா திட்டிக்கிட்டு இருக்காரு.

ரெண்டு மாசப் பேத்தி உள்ளங்காலை ஒருநாள் உத்துப் பாத்தாரு. குழியே இல்லை. வழுவழுன்னு ஒரே மட்டம். விடுவாரா? ரசமட்டத்தைக் கொண்டாந்து காலு மேல வெச்சாரு. குமிழி நடுவுல நின்னுச்சு. அடுத்த நொடி பேத்தி விட்ட உதையில ரசமட்டம் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு.

வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டாரு: "பாத்தியாடி! தரைக்காரன் பேத்தி காலு! அப்படியே என் காலு!"

பெருமை சரியா ஒரு வாரம் ஓடுச்சு. அப்புறம் சம்பந்தி வந்தாரு. தையல்காரரு, எதையும் அளவெடுத்துத்தான் பேசுவாரு.

"சம்பந்தி, இது தட்டைப் பாதம்ங்க. உள்ளங்கால்ல ஒரு வளைவு இருக்கணும். வளந்து நடக்கும்போது கால் வலிச்சாலும் வலிக்கும்."

"அப்படியா? அப்ப அது உங்க பக்கம்."

நெத்தி, மூக்கெல்லாம் கையிலேயே இருக்க, காலை மட்டும் எவ்வளவு வேகமாத் திருப்பிக் குடுத்துட்டாரு பாருங்க! அதோட விட்டாரா? ஒரு வாளித் தண்ணி கொண்டாந்து வெச்சு, சம்பந்தியையும் மருமகளையும் காலை நனைச்சுத் தரையில மிதிக்கச் சொன்னாரு. ரெண்டு பேர் தடமும் நடுவுல இடுப்பு ஒடுங்கி, லட்சணமா இருந்துச்சு.

"நீங்க மிதிக்கலையா சம்பந்தி?"

"நான் நடுவருங்க."

குத்தவாளி கிடைக்கலைன்னதும் ரிப்பேருல இறங்கிட்டாரு. கட்டைவிரலால பேத்தி உள்ளங்காலை அமுக்கு அமுக்குன்னு அமுக்குறாரு. "பூச்சு ஈரமா இருக்கும்போதே கொத்துக்கரண்டி போட்டாத்தான் வளைவு வரும்." பேத்தி வீறிட்ட வீறல்ல மருமக அடுப்பை அணைச்சிட்டு ஓடியாந்தா.

"மாமா, புள்ள என்ன சிமெண்டா? டாக்டர்கிட்ட காட்டுறவரைக்கும் அவ உங்க மடிக்கு வரமாட்டா. சொல்லிட்டேன்."

மூணு நாள் மடி காலி. மனுஷன் தலையணையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

நாலாவது நாள் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பேத்தி காலைப் பாத்துட்டுச் சிரிச்சாங்க. "இந்த வயசுல எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான் இருக்கும், உள்ளங்கால் பூராக் கொழுப்பு. நடந்து ஓடி வளரும்போது, ஆறேழு வயசுக்குள்ள பெரும்பாலும் தானா வளைஞ்சிடும். அமுக்க வேணாம், தனி ஷூவும் வேணாம். அது சரி, ஐயா ஏன் குதிகாலைத் தேச்சுக்கிட்டே நிக்கிறீங்க? செருப்பைக் கழட்டுங்க."

கழட்டினாரு. செருப்பு உள்பக்கமா தேஞ்சிருந்துச்சு.

"தட்டைப் பாதம் உங்களுதுதான். நுனிக்கால்ல நில்லுங்க... பாருங்க, இப்ப வளைவு வருது. பயப்பட ஒண்ணுமில்லை. வளைவைத் தாங்குற மாதிரி நல்ல செருப்பா போடுங்க, கெண்டைக்காலுக்குப் பயிற்சி சொல்லித் தரேன். வலி கூடினா வாங்க."

வீடு வர்றவரைக்கும் மேஸ்திரி, "எனக்காவது, தட்டையாவது"ன்னு முணுமுணுத்துக்கிட்டே வந்தாரு. வீட்டுக்காரம்மா அவரு கையைப் பிடிச்சு நேரா பின்வாசலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

"வைங்க காலை, அந்தத் தடத்துல."

வெச்சாரு. சுண்டுவிரல் உட்பட அச்சா உக்காந்துடுச்சு.

"நமக்குப் பையன் பொறந்துட்டான்னு சேதி வந்ததும் கரண்டியைப் போட்டுட்டு ஓடியாந்தீங்களே, நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே பாத்தேன். ஒரு காலு பூரா சிமெண்ட்!"

"அடிப்பாவி! இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"நீங்க திட்டுறது கேக்க நல்லா இருந்துச்சு."

வாத்துக்காலரு தடத்துல இருந்து காலை எடுத்தாரு. அப்புறம் உள்ள பாத்துக் கத்துனாரு: "ஏம்மா, காலு நம்ம பக்கம்தான்! ஒத்துக்கிட்டேன்! புள்ளையைக் குடு!"

மருமக சிரிச்சுக்கிட்டே மடியில போட்டா. அடுத்த நிமிஷமே, "ஆறு வயசுல வளைவு வந்துடுமாமே, வராம இருந்தா நல்லாருக்கும்"ங்கிறாரு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நீங்க கடைசியா எந்தக் குழந்தையைப் பாத்து, "அப்படியே எங்க பக்கம்"னு சொன்னீங்க? அதோட பிடிவாதத்தை யாரு பக்கம் தள்ளிவிட்டீங்க? இப்ப குனிஞ்சு உங்க உள்ளங்காலைத்தானே பாக்குறீங்க? அடுத்து குளியலறைக்குப் போயி ஈரக்கால் வெச்சுப் பாப்பீங்க. போங்க, தாராளமாப் பாருங்க. ஆனா வெளிய வந்து, "நான் நடுவரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க.