ஐந்தாம் மாதத்தில் ஒரு சோம் தாம்

நான் தாய்லாந்துக்குப் போனதில்லை. ஆனால் ஒரு மாத காலம் அங்கேயே பிறந்து வளர்ந்தவனைப் போலப் பேசித் திரிந்திருக்கிறேன். ஆசை முற்றிவிட்டால் மனிதனுக்குக் கூச்சம் இருக்காது என்பதற்கு நானே சாட்சி.

தேர்வாய் கண்டிகையில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அப்போது எனக்கு நான்காவது வருடம். புது மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க தாய்லாந்திலிருந்து நிரன் என்ற இன்ஜினியர் வந்தார். அவர் கிளம்பும்போது எங்கள் லைனிலிருந்து ஒருவரை மூன்று மாதப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்பார், போய் வந்தவர்தான் அடுத்த சூப்பர்வைசர் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கடைசியில் போட்டியில் மிஞ்சியது நானும் டில்லி பாபுவும். டில்லிக்கு வேலை தெரியும். எனக்குப் பேசத் தெரியும். (நான் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தேன் என்று யோசித்துப் பாருங்கள்.)

நிரன் சார் எப்போதும் சிரித்த முகம். கேன்டீனில் மட்டும் அந்தச் சிரிப்பு காணாமல் போய்விடும். தட்டில் தயிரும் ஒரு வாழைப்பழமும் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். பார்த்ததும் என் மூளை வேலை செய்தது. அவர் ஊர்ச் சாப்பாடு ஒரு வேளை போட்டால் போதும், நான் பெட்டியைக் கட்டிவிடலாம்!

ஷிப்ட் பஸ்ஸில் போனை எடுத்துத் தேடினேன். சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் சாப்பிட வேண்டிய தாய்லாந்து உணவுகள் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. டாம் யம் சூப்புக்கு எலுமிச்சைப் புல் வேண்டும். கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் கேட்டேன், மாட்டுக்கா என்றார்கள். பாட் தாய் என்பது அரிசி நூடுல்ஸ். இடியாப்பத்தை வதக்கிப் பார்த்தேன், பசையாகிவிட்டது. கிரீன் கறி என்ற பச்சைக் குழம்புக்கு அரைக்க வேண்டிய சாமான்களைப் படிப்பதற்குள் என் ஸ்டாப்பிங் வந்துவிட்டது. கடைசியில் கண்ணில் பட்டது சோம் தாம். பப்பாளிக்காயைச் சீவி, பூண்டு, பச்சை மிளகாய், தக்காளி, காராமணி, வேர்க்கடலை, காய்ந்த இறால், வெல்லம், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்து உரலில் இடித்தால் முடிந்தது. அடுப்பே வேண்டாம். என் சமையல் திறமைக்கு அளவெடுத்துத் தைத்த பதார்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நிரன் சாரை வீட்டுக்கு அழைத்தேன். என்னிடம் வண்டி இல்லாததால் அவரைக் கூட்டி வரும் வேலையை டில்லியிடமே கொடுத்தேன். (எதிராளியையே டிரைவராக்கிய சாமர்த்தியத்தை எண்ணி அன்று நானே வியந்தேன்.)

காலையில் என் மனைவி மகாவைப் பக்கத்து வீட்டில் டிவி பார்க்க அனுப்பினேன். சர்ப்ரைஸ் கொடுக்கப் போகிறேனாம். கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரர் மரத்தில் பறித்த இரண்டு பப்பாளிக்காயைச் சீவி இடிக்க ஆரம்பித்தேன். பாதி இடித்திருப்பேன், கதவு திறந்தது. செவ்வாப்பேட்டையிலிருந்து ரயில் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து, கையில் பெரிய கூடையோடு என் மாமியார் நின்றிருந்தார்.

"இன்னா மாப்ள, கதவ சாத்திக்கினு இன்னா இடிக்கிறீங்க?"

"சமையல் அத்த."

அவர் பார்வை தரையில் கிடந்த பச்சைத் தோலில் விழுந்தது.

"இது இன்னா காயி?"

"பப்பாளிக்கா."

"யாருக்கு?"

'விருந்தாளிக்கு' என்ற ஒரு வார்த்தையோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாமியாரிடம் நல்ல பேர் வாங்கும் ஆசை வந்துவிட்டது.

"மொதல்ல மகாவுக்குத்தான் அத்த. அவ ருசி பாத்து சொன்னாதான் எனக்குத் திருப்தி. புளிப்பா வேற கீது, மாசமா இருக்கறவளுக்கு வாய்க்கு நல்லா இருக்கும்."

ஆமாம், மகாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். மாமியார் கொண்டுவந்த கூடையில் இருந்தது, ஐந்தாம் மாதத்தில் தாய்வீட்டிலிருந்து மகளுக்குச் செய்து எடுத்துவரும் கட்டுசாதம். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டு வாசற்படியைப் பப்பாளிக்காய் தாண்டாது. கருவைக் கலைத்துவிடும் என்ற பயம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்கும் தெரியும். பாங்காக் கண்ணை மறைத்துவிட்டது.

மாமியார் முதலில் கூடையைப் பத்திரமாகக் கீழே வைத்தார். அதன் பிறகுதான் கத்தினார்.

"ஐயோ, யாராச்சும் ஓடியாங்களேன்! எம் பொண்ணு வயித்துல கீற புள்ளைய அழிக்க இந்தாளு கதவ சாத்திக்கினு பப்பாளிக்கா இடிக்கிறான்!"

நான்கு வருடமாகச் சேர்த்த மாப்பிள்ளை மரியாதை ஒரே வாக்கியத்தில் காலி. தெருவே திரண்டது. மகா ஓடி வந்தாள். நான் உலக்கையைக் கையில் வைத்துக்கொண்டே "அது வந்து, அது வந்து" என்றேன். உலக்கையோடு நிற்பவன் சொல்வதை யார் நம்புவார்கள்?

அந்த நேரத்தில் டில்லியின் பைக் வந்து நின்றது. நிரன் சார் ஷூவைக் கழற்றி, கூட்டத்துக்கே கைகூப்பி வணங்கிவிட்டு உள்ளே வந்தார். உரலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "சோம் தாம்!" என்று கூவினார். போனில் மனைவி, இரண்டு பிள்ளைகள் படத்தைக் காட்டி, அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பேசத் தெரிந்தவன் நான்தானே, மொழிபெயர்த்தேன்.

"அத்த, இவரு பொண்டாட்டி மாசமா இருக்கசொல்ல தெனம் இதத்தான் சாப்ட்டாங்களாம்."

மாமியார் நிரன் சார் பக்கம் திரும்பினார். "அப்ப இத சொல்லிக்குடுத்தது நீதானா?"

ஒன்றும் புரியாத நிரன் சார், "யெஸ், யெஸ்" என்று சிரித்தார்.

அடி விழுந்திருக்கும். டில்லிதான் நடுவில் புகுந்தான். "யம்மா, இவன் லூசும்மா. தாய்லாந்து போறதுக்காக சாருக்கு விருந்து வெக்கிறேன்னு இந்தக் கூத்து அடிக்கிறான். உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. சாரு காலைல நாஷ்டா கூட துன்னல, பசியோட கீறாரு."

பசி என்ற சொல் கேட்டதும் மாமியாரின் கோபம் இறங்கியது. (என் மேல் இருந்தது இல்லை, நிரன் சார் மேல் இருந்தது மட்டும்.) டில்லி உரலைத் தூக்கிப்போய்க் கழுவி வந்தான். மாமியார் கூடையைப் பிரித்தார். புளி சாதம், தேங்காய் சாதம், வறுத்த நெத்திலிக் கருவாடு. நிரன் சார் வியர்க்க வியர்க்க மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். கருவாட்டைத் தூக்கிக் காட்டி, தன் அம்மா வறுப்பது போலவே இருக்கிறது என்றார். மகா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, இலையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். எனக்கு யாரும் இலை போடவில்லை.

திங்கட்கிழமை பெயர் வந்தது. டில்லி பாபு. நிரன் சார் என் தோளைத் தட்டி, "யூ, ஸ்டே ஹோம். பேபி கம்மிங். மதர் வெரி ஆங்ரி" என்றார். சிரித்து வைத்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சூப்பர்வைசர் வேலைக்காகத்தான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

பாஸ்போர்ட், விசா எல்லாம் கிடைத்து டில்லி கிளம்பவே இரண்டு மாதமானது. அவன் தாய்லாந்தில் இருந்தபோதுதான் எனக்குப் பெண் பிறந்தாள். முதல் நாளே தூக்கினேன். (மாமியார் இரண்டு முறை கையைக் கழுவ வைத்த பிறகு.) அந்தப் பிஞ்சு விரல்கள் என் விரலைப் பிடித்தபோது, டில்லி நன்றாக இருக்கட்டும் என்று மனதாரத் தோன்றியது. அவன் திரும்பி வந்து என் சூப்பர்வைசராகி, எனக்கு நைட் ஷிப்டாகப் போட்டபோதுதான் அந்த எண்ணம் கொஞ்சம் குறைந்தது.

போன வருடம் மகா மறுபடியும் உண்டானாள். சேதி சொல்ல அவள் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

"ரொம்ப சந்தோசம்மா," என்றார் மாமியார். "மொதல்ல எழுந்து போய்ப் பாரு. அந்தாளு சமையக்கட்டுல கீறாரா?"