அப்பா வாய் மூடிய ஒன்பது நாட்கள்

இனி பேசப்போவதில்லை என்று அப்பா எங்களுக்கு அறிவித்தார். அறிவிப்பு நாற்பது நிமிடம் ஓடியது.

முதல் குற்றவாளி நான்தான். விடுமுறைக்கு வரும்போது பல்கலைக்கழக நூலகத்திலிருந்து மூன்று தடித்த சித்திரக்கதைப் புத்தகங்களைத் தூக்கிவந்தேன். ஐரோப்பாவில் இன்றைக்கும் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும் ஒருவருடையவை. மருந்துக்குக்கூட ஒரு வசனம் கிடையாது. ஒரே தடிமனில் ஓடும் கோடு. நிழலே இல்லை. பெரிய பெரிய அறைகள். மூலையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் உருவம். அவரைப் பற்றித்தான் என் ஆய்வு. "பொம்மைப் புத்தகத்துக்கெல்லாமா பட்டம் தர்றாங்க?" என்று கேட்ட அப்பா, மறுநாளே மூன்றையும் முடித்துவிட்டு எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார். அப்பா கட்டட வரைபடம் போடுகிறவர்.

"இந்தக் கோடு எங்கேர்ந்து வந்ததுங்கறே? எங்க தொழில்லேர்ந்து. சுத்தமான பிளான் டிராயிங்!"

"இல்லப்பா. பழைய மரச்செதுக்கு அச்சுப்படம், பேசாத சினிமா. அவரே பேட்டியில சொல்லியிருக்கார்."

"அவருக்கு என்ன தெரியும்?"

இப்படி ஆளுக்கொரு சோபா முனையில் உட்கார்ந்து நாலு நாள் வாதாடினோம். நடுவில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுக்கொடுப்பது அம்மாவின் வேலை. எங்கள் வீட்டில் அதற்குத் தேவை வந்ததில்லை. அம்மாவுக்கு வெளியூரில் பெரிய வேலை வந்தபோதெல்லாம் அப்பா தடுத்ததில்லை, கத்தியதில்லை. பேசினார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அம்மாவே, "சரி, நான் போகலை. நிறுத்துங்க" என்றுவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை.

ஐந்தாம் நாள் அம்மா புத்தகம் ஒன்றைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஒரு வார்த்தை இல்லாம எல்லாத்தையும் சொல்லிட்டாரே மனுஷன். உங்களால முடியுமா?"

"என்னாலயா? மாசக்கணக்கா முடியும்."

"பத்து நாள்?"

அப்போதுதான் அந்த நாற்பது நிமிட அறிவிப்பு. பத்து நாள், அந்தக் கலைஞரின் பாணியில், எதுவானாலும் வரைந்து மட்டுமே சொல்வாராம்.

தேநீர் வேண்டுமா, ஒரு கோப்பை வரைவார். சர்க்கரை குறைந்தால் கோப்பைக்குப் பக்கத்தில் அழுகிற எறும்பு. ஃபிரிட்ஜ் கதவில் இடம் போதவில்லை. வாதாட ஆளில்லாமல் நான்தான் தவித்தேன். "அந்தக் கோட்டுக்கும் உங்க பிளானுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை" என்று சீண்டினேன். அப்பா ஒரு கதவு வரைந்து நீட்டினார். வெளியே போ என்று அர்த்தம்.

அப்பா பேச்சை நிறுத்திய நாலாம் நாள் சாப்பாட்டு மேஜையில் அம்மா சாவகாசமாக ஆரம்பித்தார். "வெளியூர் மருத்துவமனையில பேச்சுப் பயிற்சிக்குப் புதுப் பிரிவு. ரெண்டு வருஷம் நான்தான் பொறுப்பு. போகட்டுமா?"

கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோயாளிகளிடம் கேள்வி கேட்டால் பத்து விநாடி காத்திருப்பது அம்மாவின் வழக்கம். அவசரப்படுத்தக் கூடாது, வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

அப்பாவின் வாய் மீன்வாய் போலத் திறந்து மூடியது. சட்டைப்பையில் பென்சிலைத் துழாவினார்.

"பத்து ஆச்சு. ஆட்சேபணை இல்லை."

"அம்மா, அநியாயம்! அப்பாவால பேச முடியாத நேரம் பார்த்து..."

"முடியாதா? முடியாதவங்களை நான் தினமும் பார்க்கறேன். நீ சாப்பிடு."

நான் யார் கட்சி என்று கேட்பீர்கள். அம்மா போக வேண்டும் என்ற கட்சி. ஆனாலும் எதிர்க்கட்சிக்கு ஒரு வாய் வேண்டாமா? இந்த நியாயத்தை யாரிடம் பேசுவது? ஒருவர் பேச மாட்டார், இன்னொருவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு முழுப் பக்கம் வரைந்தார். முதல் கட்டத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அடுத்ததில் ஒரு நாற்காலி. அப்புறம் கட்டத்துக்குக் கட்டம் அறை பெரிதாகிக்கொண்டே போனது. கடைசிக் கட்டத்தில் மூலையில் கட்டைவிரல் உயர உருவம் மட்டும். அந்தக் கலைஞரின் பெரிய அறைகளைப் பற்றி நான் எண்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் பயம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

அம்மா நெடுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. நிஜமாவே நல்லா வந்திருக்கு. மூலையில நிக்கறது யாரு?"

அப்பா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அப்படியா? நான்னு நினைச்சேன்."

நான் சோபாவில் என் முனையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நாளைக்குக் காலையில வண்டி. வேண்டாம்னா இப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார் அம்மா. மறுபடி கடிகாரம். அப்பாவின் கண் கலங்கியது. ஆனாலும் இரண்டு விரலை உயர்த்தி, இன்னும் இரண்டு நாள் என்று காட்டினார். பந்தயத்தில் ஜெயித்தாக வேண்டுமே!

ஒன்பதாம் நாள் காலை அம்மா கிளம்பிவிட்டார். கீழ்த்தளத்தில் லிஃப்ட் நின்ற சத்தம் கேட்டது. விலாசம் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் எறும்புக்கு மேல் நியமனக் கடிதத்தின் நகலை ஒட்டியிருந்தார். நான் படித்தேன். அம்மா சம்மதம் தெரிவித்த தேதி, நான் விடுமுறைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு.

"அப்பா, அம்மா அப்பவே ஒத்துக்கிட்டாங்க. நீங்க பேசினா தன் மனசு மாறிடும்னு தெரிஞ்சு, உங்களைப் பேசவிடாம பண்ணியிருக்காங்க."

அப்பா கடிதத்தைப் பிடுங்கினார். வாசலுக்கு ஓடினார். ஒன்பது நாள் தேக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. "ஏமாத்திட்டா! போகாதேன்னு சொல்ல மாட்டேனா? எனக்கு யார் இருக்கா? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாவது நான்..." மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. கால் மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். "யார்கிட்ட சார் பேசறீங்க?"

அப்பா என்னைக் காட்டத் திரும்பினார். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் விடுமுறை முடிந்துவிட்டது.