எல்லா மாப்பிள்ளையும் செல்வின்

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நான் தள்ளிவைத்த எதையும் இதுவரை மாற்றியதில்லை (தொப்பை உட்பட). அப்படித் தள்ளிவைத்த ஒரே ஒரு வரி என் கல்யாணத்தைக் காவு வாங்கிவிட்டது.

பாளையங்கோட்டையில் எங்கள் சபைக்காகத் திருமணத் தகவல் இணையதளம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். பெண் வீட்டார் அதில் மாப்பிள்ளைகளின் பயோடேட்டாவை டவுன்லோட் செய்யலாம். ஃபைல் எந்தப் பெயரில் போனில் இறங்க வேண்டும் என்பதை நிரலில் நாம்தான் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்க்க என் பயோடேட்டாவையே போட்டு, பெயர் வர வேண்டிய இடத்தில் 'செல்வின் மாப்பிள்ளை' என்று எழுதிவைத்தேன். பத்துத் தடவை இறக்கினேன். பத்துத் தடவையும் சரியான பெயரில் வந்தது. (வராமல் எங்கே போகும்?) அந்த வரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே தளத்தைத் திறந்துவிட்டேன்.

அதே மாதம்தான் வள்ளியூரில் ஜெபாவைப் பெண் பார்த்தோம். கிளம்பும்போது, "பைய போங்க, ரோட்டுல வேல நடக்கு" என்றாள். அதை நினைத்து நாங்குநேரி தாண்டும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். அவள் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமையே கூப்பிட்டார்.

"தம்பி, ராதாபுரத்துல என் தங்கச்சி வீட்டுக்கு உங்க பயோடேட்டா வந்திருக்கு. நாங்குநேரில மச்சினன் வீட்டுக்கு நாலு தடவ வந்திருக்கு. இன்னும் எத்தன வீட்டுல பொண்ணு கேக்குதீங்க?"

எங்கள் பக்கம் பயோடேட்டாவை யாரும் திறந்து பார்த்து அனுப்புவதில்லை. வந்ததை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். தளத்தில் இருந்த அத்தனை மாப்பிள்ளைகளும் என் பெயரில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சார், பேரு மட்டுந்தான் என்னது. உள்ள இருக்கது வேற ஆளு" என்றேன். உலகத்தில் எந்த மாப்பிள்ளையும் தன்னைப் பற்றி இவ்வளவு மோசமாகச் சொல்லியிருக்க மாட்டான்.

"வெளிய ஒரு ஆளு, உள்ள ஒரு ஆளுன்னு நீங்களே சொல்லுதீங்க. பொறவு எப்படி நான் பொண்ணு குடுக்க?" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த வரியைத் திருத்த இரண்டு நிமிடம் ஆனது. அவரைத் திருப்ப மூன்று முறை வள்ளியூர் போனேன். நடக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அழுதேன் (ஜன்னல் ஓரம், தூசி என்று சொல்லிக்கொண்டு).

ஜெபாவுக்கு ஒரு நல்ல இன்ஜினியர் அமைந்தார். நாங்குநேரி மச்சினன் வீட்டுக்கு என் பெயரில் வந்த நாலு ஃபைலில் ஒன்றை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள்; உள்ளே அவர் இருந்திருக்கிறார்.

இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால், அதைப் பிரிக்கும் முன்பே அம்மா அடுக்களையிலிருந்து கேட்பாள்: "ஏலே செல்வின், இந்தத் தடவ ஒன் பேர்ல யாருக்குக் கல்யாணம்?"