கூட்டக் குறிப்பில் ஒரு 'போயிட்டு வரேன்'

பீகன் மெடோ, ஹூஸ்டனுக்கு மேற்கே
வியாழக்கிழமை மாலை

அன்பும் மரியாதையும் நிறைந்த மரகதம் அத்தைக்கு,

உங்கள் மருமகள் வான்மதி எழுதிக்கொள்வது. நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். அப்பாவுக்குச் சாதகமாக ஒரு வரியும் சேர்க்க மாட்டேன். அம்மா கேட்டுக்கொண்டாலும் ஒரு வரியையும் எடுக்க மாட்டேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே உங்கள் முழங்காலும் மாமாவின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவின் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மூன்று தடவை கேட்டேன். "தம்பி டைரக்டர் வேலைய உட்டுப்போட்டானாமே, கோயமுத்தூர் வரைக்கும் சேதி வந்துருச்சு, என்ற காதுக்கு மட்டும் ஏன் வரல? அவனக் கேட்டா நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு ஒரே பாட்டு. நீதான் புஸ்தகம் படிக்கிற புள்ள, நீ எழுது சாமி" என்றீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் மாமாவிடம் மறுபடியும் சொல்லிவிடுங்கள், இது சினிமா டைரக்டர் இல்லை. போன வருஷம் அவர் "ஹீரோ யாரு?" என்று கேட்டதற்கு அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். எங்கள் குடியிருப்பில் ஆயிரத்து நானூறு வீடுகள். ஹூஸ்டன் தண்ணீர் எங்களுக்கு வராது. எங்களுக்கென்றே இரண்டு ஆழ்துளைக் கிணறுகள், கால் முளைத்த ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, மண்ணுக்கடியில் குழாய்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றைப் பார்த்துக்கொள்ள ஐந்து பேர் கொண்ட ஒரு வாரியம் உண்டு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'மட்' என்று வரும், அதாவது சேறு. அதனால்தான் அப்பா இன்னும் விசிட்டிங் கார்டு அடிக்கவில்லை. அந்த ஐந்து பேரையும் ஊர் மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சியும் இல்லை, சின்னமும் இல்லை. அப்பாவுக்கு அறுபத்து மூன்று ஓட்டு, எதிர்த்து நின்றவருக்கு ஐம்பத்திரண்டு. அந்த அறுபத்து மூன்றில் பாதிக்கு மேல் சபரிநாதன் அங்கிள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது. அவர் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார், அப்பாவின் நெருங்கிய நண்பர். "பம்ப் இன்ஜினீயரே நம்ம தெருவுல இருக்கும்போது வேற எவனுக்கோ எதுக்குய்யா ஓட்டு?" என்பதுதான் அவருடைய முழுப் பிரசாரமும்.

ஜெயித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சூடாகச் சாப்பிட்டதில்லை. தட்டில் சாதம் விழுந்ததும் போன் அடிக்கும். "வேலுமணி, மாடியில தண்ணி நூல் மாதிரி வருது." "வேலு சார், பாத்ரூம் குழாய் விசில் அடிக்குது." பக்கத்துத் தெரு பிரீத்தி ஆன்ட்டி ஒரு தடவை, தண்ணீரில் குளோரின் கூடினதால் தன் கறிவேப்பிலைச் செடி மஞ்சளாகிவிட்டது என்று ஒரு இலையை ஸிப்லாக் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இதெல்லாம் டைரக்டரின் வேலை இல்லை, இதற்கென்று சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள், நம்பர் இருக்கிறது என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். அப்பாவுக்கு 'முடியாது' என்ற வார்த்தை வாயில் வராது, அது உங்களுக்கே தெரியும். பிரஷர் பார்க்கும் மீட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேக் வெட்டுவதற்குள் அவர்கள் தோட்டத்துக் குழாயில் அதை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இனிமேல்தான் விஷயம். இந்த வருஷம் மே மாதமே வெயில் நூறைத் தொட்டுவிட்டது. இரண்டு கிணற்றில் ஒன்றின் பம்ப் கிழடாகிவிட்டது, புதிய பம்ப் வர அக்டோபர் ஆகும். ஆனால் எங்கள் ஊரில் எல்லா வீட்டு ஸ்ப்ரிங்க்ளரும் விடியற்காலை ஐந்து மணிக்கு, யாரோ விசில் ஊதினாற்போல ஒன்றாக ஆரம்பிக்கும். ஆயிரத்து நானூறு புல்தரைகளும் குடிக்கக் குடிக்கத் தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு அளவுக்குக் கீழே போனால் குழாயில் அழுத்தம் போய்விடும், அப்புறம் ஊர் முழுக்கத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். குழந்தைகள் இருக்கிற வீடு, டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் இருக்கிற வீடு எல்லாவற்றையும் அப்பா ஒரு வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார். பல் தேய்த்துக்கொண்டே போனில் தொட்டியின் மட்டத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தேய்ப்பதை நிறுத்திவிடுவார். அதனால் போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: புல்லுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் தண்ணீர்.

வழக்கமாக அந்தக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் சார்பில் வருவது நான் ஒருத்திதான், அதுவும் வீட்டுப்பாடத்தோடு. அன்றைக்கு எழுபது பேர். நாற்காலி பத்தாமல் சுவரோரம் நின்றார்கள். அப்பா நாற்பத்தொரு ஸ்லைடு காட்டினார். மூன்றாவது ஸ்லைடிலேயே மக்களை இழந்துவிட்டார் என்பதை நான் உண்மையாக எழுதித்தான் ஆக வேண்டும். முதல் ஆளாக எழுந்தவர் சபரிநாதன் அங்கிள். அவருடைய புல்தரை மூன்று தடவை 'இந்த மாதத்தின் சிறந்த புல்தரை' பலகை வாங்கியது. அந்தப் புல்லில் அவர் செருப்போடு நடப்பதில்லை. மைக்கைப் பிடித்து இங்கிலீஷில்தான் ஆரம்பித்தார், இரண்டு நிமிஷத்தில் கோபம் வந்து தமிழுக்கு மாறிவிட்டார்.

"யோவ் வேலு, உனக்காக வீடு வீடா ஏறி இறங்கினேன்யா. என் புல்லையே கொல்றதுக்கா உன்ன அங்க உக்கார வெச்சேன்? உன் கணக்குல எங்கயோ தப்பு இருக்குய்யா!"

அத்தை, மற்றதெல்லாம் அப்பா தாங்கிக்கொண்டிருப்பார். கணக்கில் தப்பு என்றதும் முகம் விழுந்துவிட்டது. லேப்டாப்பை மூடினார். எழுந்து நின்று, என் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் எனக்கு வேலை இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். அங்கேயே நிறுத்தியிருந்தால் அது ராஜினாமா. ஆனால் வாசல் வரை போனவர் திரும்பி, எல்லோரையும் பார்த்துக் கும்பிடாத குறையாக, "ஓகே, ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நம் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்களே. நான் ஒருநாள் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடும்போது "அம்மா, போறேன்" என்று கத்திவிட்டதற்கு, பஸ்ஸையே நிறுத்தி என்னை இறக்கி, "போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ" என்று சொல்ல வைத்தார் அம்மா. டிரைவர் ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஆகவே அப்பா சொன்னது இங்கிலீஷாக இருந்தாலும் தமிழ்தான். வாரியத் தலைவி மிஸஸ் ஹாலோவேக்கு அது எப்படித் தெரியும்? அவருக்கு எழுபத்தொரு வயசு, பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பத்து நிமிஷம் இடைவேளை" என்று அறிவித்துவிட்டார். அன்றைக்கு இரண்டு டைரக்டர்கள் ஊரில் இல்லை, அப்பாவும் இல்லாவிட்டால் கூட்டமே செல்லாது. எழுபது பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நான் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். அப்பா காருக்குள் ஏசி கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, எல்லாரும் வெயிட் பண்றாங்க."

"எதுக்கு?"

"உங்களுக்கு. வரேன்னு சொன்னீங்களாம்."

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"கோ அண்ட் கம்னு சொன்னீங்களே."

"அய்யோ, அது போயிட்டு வரேன்!"

"அதான்ப்பா, போயிட்டீங்க. இப்ப வரணும்."

"அதுக்கு அர்த்தம் போறேன்டி!"

"அப்ப ஏன் போறேன்னு சொல்லல?"

"போறேன்னு எப்பிடிடி சொல்றது? நல்ல வார்த்தையா அது?"

அப்பா காரைக் கிளப்பினார். வீட்டுக்கு வந்துவிட்டோம். அங்கே அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, தீர்மானத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்களாம். வேலு ராஜினாமா செய்துவிட்டான் என்று சபரிநாதன் அங்கிள் நாலு பேரிடம் சொல்ல, அந்தச் செய்தி கோயமுத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அத்தை. தமிழ் தெரிந்தவர் இல்லையா, அவருக்கு மட்டும்தான் அது சரியாகப் புரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் போன் அடிக்கவில்லை. முதல் நாள் அம்மா, "அப்பாடா, நிம்மதியாச் சாப்பிடறோம்" என்றார். மூன்றாம் நாள் ரசம் ஊற்றிக்கொண்டே, "போன்ல சார்ஜ் இருக்கா பாருங்க" என்றார். திங்கட்கிழமை, கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, இணையத்தில் வந்தது. அதில் செயலாளர் கார்ல் இப்படி எழுதியிருந்தார்: 'இயக்குநர் வேலுமணி, தாம் திரும்பி வருவதாகத் தெரிவித்துவிட்டு வெளியே சென்றார்.' அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் இந்தக் குறிப்பை ஒப்புக்கொள்ளும் முன், யாருக்காவது திருத்தம் உண்டா என்று தலைவி கேட்பார்; அப்போது எழுந்து, அது தவறு, நான் விலகிவிட்டேன் என்று திருத்தப்போகிறேன் என்றார். ராஜினாமாவை டைப் செய்து நாலாக மடித்து வைத்திருக்கிறார்.

அவர் விலகினால் மிச்சம் நாலு பேர், இரண்டுக்கு இரண்டு. தீர்மானம் விழுந்துவிடும். அப்புறம் தொட்டியை யாரும் காப்பாற்ற முடியாது. இதையும் அப்பாவேதான் எனக்கு விளக்கினார். விளக்கிவிட்டு, "எனக்கென்ன, நான்தான் இல்லையே" என்றார். சொன்ன கையோடு போனில் மட்டத்தைப் பார்த்தார்.

முந்தாநாள் காலையில் அதிசயமாகப் போன் அடித்தது. சபரிநாதன் அங்கிள். தலை முழுக்க ஷாம்பு, மாடிக் குழாயில் தண்ணீர் நூலாகிவிட்டது, பழக்கதோஷத்தில் விரல் அப்பாவின் நம்பரை அழுத்திவிட்டது. அப்பா மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்! நானும் கூடப் போனேன். அங்கிள் துண்டைக் கட்டிக்கொண்டு, காதில் நுரையோடு கதவைத் திறந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, மீட்டரைத்தான் பார்த்தார்கள்.

"எவ்வளவு காட்டுது?"

"இருபத்தி ரெண்டு."

"எவ்வளவு இருக்கணும்?"

"அம்பது."

"ஏன்?"

"மணி அஞ்சே முக்கால். எல்லார் ஸ்ப்ரிங்க்ளரும் ஓடுது. உன்னுதும்."

அங்கிள் வெளியே போய்த் தன் ஸ்ப்ரிங்க்ளரை நிறுத்தினார். அவர் ஒருவர் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது, முள் அசையவில்லை. அப்பா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கேன் குடிதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அங்கிள் அதில் தலையை அலசிக்கொண்டார். "தேங்க்ஸ்" என்றார், "பரவால்ல" என்றார் அப்பா. அவ்வளவுதான். சமாதானமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ராஜினாமாக் கடிதம் இன்னும் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது.

ஆமாம் அத்தை, இதைக் கூட்ட அறையில் உட்கார்ந்துதான் முடிக்கிறேன். ஆறரைக்குக் கூட்டம். இப்போது ஐந்து ஐம்பது. அங்கே விடிகாலை நாலு இருபது, நீங்கள் எழுந்துகொள்ளும் நேரம். அம்மா இப்போது வந்துவிடுவார், வந்ததும் அவர் போனில் இதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவேன். படித்த உடனே அப்பாவுக்குப் போன் செய்து நன்றாகத் திட்டுங்கள். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் "டேய் வேலு" என்று ஆரம்பித்தால் அவருடைய நாற்பத்தெட்டு வயசு எட்டு வயசாகிவிடுகிறது, அதை நானே பார்த்திருக்கிறேன். இந்த ஊருக்கு அப்பா வேண்டும். அதைவிட, அப்பாவுக்கு இந்த ஊர் வேண்டும், இல்லாவிட்டால் அவர் அந்த மீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசீர்வாதமும் எனக்கு எப்போதும் வேண்டும், இன்றைக்கு அப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்,
வான்மதி

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம் அத்தை. திட்டவும் வேண்டாம். அம்மா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு கூட்டம் முடியும்போதுதான் வந்தார், அதனால் கூட்டத்துக்கு முன் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரவேயில்லை. மிஸஸ் ஹாலோவே "திருத்தம் உண்டா?" என்று கேட்டார். அப்பா எழுந்தார். கை சட்டைப் பைக்குப் போனது. அதற்குள் பின்வரிசையிலிருந்து சபரிநாதன் அங்கிள், "வேலு, ரெண்டு நாள் போதும்யா! எழுதிக்கச் சொல்லு!" என்று கத்தினார். பொதுமக்கள் பேசும் நேரம் இன்னும் வரவில்லை என்று தலைவி மேஜையைத் தட்டினார், அப்புறம் அவர் என்ன சொன்னார் என்று அப்பாவிடம் கேட்டார். நான்தான் எழுந்து மொழிபெயர்த்தேன். அப்பா பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "ஒரே ஒரு திருத்தம்" என்றார். "இரண்டாம் பக்கம். ஆறு அங்குலக் குழாய் என்று இருக்கிறது. அது எட்டு அங்குலம்." உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் மூன்றுக்கு இரண்டில் நிறைவேறியது. எல்லோரும் போய்விட்டார்கள், அப்பாவும் அங்கிளும் மட்டும் சுவரில் இருக்கும் வரைபடத்தில் அந்த எட்டு அங்குலக் குழாய் எந்தெந்தத் தெருவில் போகிறது என்று விரல் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கார்ல் மூன்று தடவை சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார். பிறகு விளக்குகளை அணைத்துவிட்டார்.